பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே?

கொங்கு_பயணி:
போன சனிக்கிழமை நடந்தது இது. அம்மாவும் நானும் ஊரிலிருந்து வந்து மாம்பலத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். அம்மா ராமேஸ்வரத்தில் கடல் பார்த்திருக்கிறார், ஆனால் மெட்ராஸ் கடற்கரையைப் பார்த்ததில்லை. மாம்பலம் பிளாட்பாரத்தில் வந்து நின்ற எலெக்ட்ரிக் ட்ரெயினின் நெற்றியில் 'சென்னை கடற்கரை' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. இதற்கு மேல் யாரிடம் வழி கேட்பது, ஏறிவிட்டோம். கடைசி ஸ்டேஷன் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், நாங்களும் இறங்கினோம். மணலில் நடக்கத் தோதாக இருக்கும் என்று அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்தால் செல்போன் கவர், இயர்போன், ரிமோட், பெல்ட் என்று வரிசையாகக் கடைகள், எதிரே பஸ்ஸும் லாரியுமாக ஒரு பெரிய ரோடு. ஒரு கடைக்காரரிடம் "அண்ணே, பீச் எங்கே?" என்று கேட்டேன். "இதுதான் பீச்" என்றார். "இல்லண்ணே, கடல்?" என்றேன். அவர் ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டி, "அந்தாண்ட ஹார்பர், உள்ளே விட மாட்டாங்க" என்றார். அம்மா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கடலே இல்லாத இடத்துக்கு ஏன் கடற்கரை என்று பெயர்?

பழைய_சீசன்:
தம்பி, சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டேன், அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். 1979லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் குரோம்பேட்டை–பீச் சீசன் டிக்கெட் எடுத்து ஆபீஸ் போனவன் நான். உங்களை மாதிரி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். லீவு நாளில் குடும்பமாக இறங்கி, குழந்தை கையில் பிளாஸ்டிக் வாளியோடு திருதிருவென்று முழிப்பார்கள்.

கடல் அங்கே இருந்தது உண்மை. நீங்கள் பார்த்த அந்தப் பெரிய ரோடு இப்போது ராஜாஜி சாலை, அதற்குப் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் என்று ஒரு தெரு இருக்கிறது, தபால் விலாசத்தில் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடலைப் பார்த்த முதல் வரிசை, அதற்கு அடுத்த வரிசை என்று கணக்கு. ஸ்டேஷன் வந்த புதிதில் அலை பிளாட்பாரத்தில் அடிக்கும் என்று எங்கள் ஆபீஸ் சீனியர் ஒருவர் சொல்வார்.

மீட்டர்கேஜ்_பித்து:
சார், அலை பிளாட்பாரத்தில் அடித்த கதையை நானும் கேட்டிருக்கிறேன், ஆனால் கணக்கு உதைக்கிறது. துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1875 டிசம்பரில், அப்போது இந்தியா வந்திருந்த வேல்ஸ் இளவரசர், பிற்பாடு ஏழாம் எட்வர்டு ஆனவர். கட்டி முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் வந்து சுவர்களைப் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். பீச்–தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓட ஆரம்பித்தது 1931ல். அதாவது எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து பீச்சில் இறங்கிய முதல் ஆள்கூட இந்தத் தம்பி மாதிரி துறைமுகத்தைத்தான் பார்த்திருப்பார். ஸ்டேஷனுக்குப் பெயர் ரோட்டிலிருந்து வந்திருக்க வேண்டும், ரோட்டுக்குத்தான் கடலிலிருந்து வந்தது. நேரடி உறவு இல்லை, பேரன் முறை.

1931ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. இந்தியாவில் மின்சார ரயில் முதலில் வந்தது 1925ல் பம்பாயில். அடுத்த ஊர் மெட்ராஸ். கல்கத்தாவுக்கு 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பம்பாய் மாதிரி அகலப் பாதை இல்லை, இந்தியாவிலேயே மீட்டர் கேஜில் மின்சாரம் ஓடிய முதல் பாதை இதுதான். ஒரு மீட்டர் இடைவெளி உள்ள தண்டவாளம், மேலே 1500 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி. நடத்தியது திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத் இந்தியன் ரயில்வே. 1967ல் அந்த 1500 வோல்ட்டை எடுத்துவிட்டு இப்போது எல்லா இடத்திலும் இருக்கிற 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். தண்டவாளம் மட்டும் மீட்டர் கேஜாகவே இருந்தது, 2004 ஜூலையோடு அதுவும் போனது. எழுபத்து மூன்று வருஷம்.

ஜார்ஜ்டவுன்_கடை:
எங்கள் கடை மூன்று தலைமுறையாக அந்தப் பக்கம்தான், அதனால் கொஞ்சம் உள்ளே வருகிறேன். துறைமுகம் வருவதற்கு முன்னால் அந்தக் கடற்கரையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் கரைக்கு வராது, வந்தால் தரை தட்டிவிடும். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். மசூலா படகில் ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு நம் அலைக்கு இரண்டாவது நாளே பிளந்துவிடும், தைத்த படகு அலைக்குத் தகுந்தபடி நெளிந்து கொடுக்கும். கவர்னராக இருந்தாலும் சரி, குமாஸ்தாவாக இருந்தாலும் சரி, நனைந்துதான் மெட்ராஸில் கால் வைத்தான். அப்படி மூட்டை இறங்கிய கரைதான் ஃபர்ஸ்ட் லைன் பீச். பாரி கம்பெனியும் பேங்குகளும் ஜி.பி.ஓ. என்கிற பெரிய தபால் ஆபீசும் ஏன் அந்த ஒரே ரோட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? சரக்கு இறங்குகிற இடத்தில்தான் காசு உட்காரும்.

தம்பி வழி கேட்ட கடை பர்மா பஜார். அதற்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு. அறுபதுகளில் பர்மாவில் தொழிலையும் கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டபோது அங்கே இருந்த நம் ஆட்கள் கப்பலில் திரும்பி வந்தார்கள். இறங்கிய துறைமுகத்துக்கு எதிரேயே, ஸ்டேஷன் சுவரை ஒட்டிக் கடை போட்டார்கள். அடுத்த தடவை வந்தால் சாயங்காலம் அந்தப் பக்கம் அத்தோ வண்டி நிற்கும், பாருங்கள். நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார், கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். கடல் இல்லாவிட்டாலும் அதற்காக இறங்கலாம்.

கொங்கு_பயணி:
ஐயோ, அத்தோ வண்டியைப் பார்த்தோம்! அம்மா "என்னது, இடியாப்பத்தைக் கையில் பிசைகிறார்கள்" என்று கேட்டார். சாப்பிடவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. துறைமுகம் கட்டினால் கடல் எப்படித் தள்ளிப் போகும்? தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டுமே.

ராயபுரத்துக்காரி:
எங்கே போயிற்று என்று நான் சொல்கிறேன் தம்பி. எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது.

நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், அலை சாய்வாக அடித்து அடித்துத் தள்ளிக்கொண்டு போகும். அதன் குறுக்கே கல்லைக் கொட்டித் துறைமுகச் சுவர் கட்டினார்கள். மணல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நின்ற மணலெல்லாம் சுவருக்குத் தெற்கே சேர்ந்து சேர்ந்து கரை அகலமானது. நீங்கள் எல்லாரும் சுண்டல் சாப்பிடுகிற மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். சுவருக்கு வடக்கே இருந்த எங்களுக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் தவறாமல் வந்தது. இருந்த மணலைத் தின்றது, அப்புறம் தெருவைத் தின்றது. என் பாட்டி காட்டுவார், "அதோ அந்த அலை உடைகிறதே, அங்கேதான் எங்கள் பழைய வீடு" என்று. சின்ன வயதில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் பக்கம் வரைக்கும் போய்ப் பாருங்கள், கரை என்று ஒன்று கிடையாது, கருங்கல் பாறையைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

மெரினா மணல் எங்கள் மணல். இதை நான் சண்டைக்குச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விட மாட்டேன்.

இன்னொன்று. ரயில் வரலாறு பேசுகிற எல்லாரும் 1931 என்று பீச்சில் ஆரம்பிக்கிறீர்கள். பீச்சுக்கு அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ல் அங்கிருந்துதான் கிளம்பியது, வாலாஜா ரோடு வரைக்கும். பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்னால் ரயில் விட்டார்கள், ஆனால் அவர்களுடைய முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. எங்களுடைய தூண் வைத்த கட்டடம் நிற்கிறது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகிறபோது ஜன்னல் வழியாகத் தெரியும், யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

பழைய_சீசன்:
மேடம் சொன்ன மணல் கணக்கு இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அலை பிளாட்பாரத்தில் அடித்த கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், சீனியர் இப்போது இல்லை, அவர் சார்பாகவும்.

பித்து தம்பி 2004 என்றதும் ஞாபகம் வந்தது. அந்த மீட்டர் கேஜ் பெட்டி அகலம் குறைவு. எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்தால் முட்டிக்கு முட்டி இடிக்கும். நடுவில் ஒருவர் நின்றால் அவருடைய டிபன் கேரியர் நம் மூக்குக்கு நேரே ஆடும், அன்றைக்கு அவர் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துவிடும். டிக்கெட் தடித்த அட்டை, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். கவுன்ட்டரில் அதை ஒரு இரும்பு மிஷின் வாய்க்குள் விட்டு இழுப்பார்கள், 'டக்' என்று சத்தம் வரும், ஓரத்தில் தேதி பதிந்திருக்கும். காலையில் வரிசையில் நிற்கும்போது டக், டக், டக் என்று அந்தச் சத்தத்தை வைத்தே நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம்.

அப்புறம் சீட் பிடிக்கிற வித்தை. எனக்கு ஆபீஸ் பார்க் டவுன் பக்கம். நியாயமாகப் பார்த்தால் பார்க் ஸ்டேஷனில்தான் தாம்பரம் வண்டி ஏற வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கில் ஏறினால் ஒற்றைக் காலில்தான் குரோம்பேட்டை வரைக்கும். அதனால் எதிர்த் திசையில் பீச் போகிற வண்டியில் ஏறி, பீச் போய், அதே வண்டி தாம்பரம் திரும்பும்போது உட்கார்ந்தபடியே வருவேன். இதற்காகவே சீசனைப் பீச் வரைக்கும் எடுத்து வைத்திருந்தேன், கூடுதல் காசு கொஞ்சம்தான். பார்க்கிலும் கோட்டையிலும் இருந்து பாதி ஆபீஸ் கூட்டம் இதைத்தான் செய்தது.

ஜார்ஜ்டவுன்_கடை:
ஓ, அது நீங்கள்தானா! பீச்சில் ஏற வேண்டியவன் நான். வண்டி ஸ்டார்ட் ஆகிற ஸ்டேஷன், காலியாக வரும், ஜன்னல் சீட்டில் உட்காரலாம் என்று ஓடி வந்தால், வந்து நிற்கும்போதே எல்லா சீட்டிலும் ஆள் இருப்பார்கள், ஒருவர்கூட இறங்க மாட்டார். கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். முப்பது வருஷம் என் சீட்டை எடுத்துக்கொண்டவரை இன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

பழைய_சீசன்:
சீசன் டிக்கெட்டில் பீச் என்று தெளிவாக அச்சடித்திருந்தது சார். சட்டப்படி சரி.

ஜார்ஜ்டவுன்_கடை:
சட்டப்படி சரி, தர்மப்படி?

வேளச்சேரி_வடக்கு:
இரண்டு பெரியவர்களும் சீட்டுக்கு அடித்துக்கொள்வதற்கு நடுவில் தம்பிக்கு யாரும் உருப்படியாக வழி சொல்லவில்லை. மெரினா போக வேண்டுமென்றால் பீச் ஸ்டேஷனில் வெளியே வராதீர்கள். அங்கேயே வேளச்சேரி போகிற பறக்கும் ரயில், அதாவது பாலத்தின் மேல் ஓடுகிற ரயில், நிற்கிற பிளாட்பாரத்துக்கு மாறுங்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், மூன்றில் எதில் இறங்கினாலும் கடலுக்கு நடந்துவிடலாம். காந்தி சிலைப் பக்கம் போக வேண்டுமானால் கலங்கரை விளக்கம். சிரிப்பு என்னவென்றால், கடற்கரைக்குப் போகக் கடற்கரை ஸ்டேஷனில் ஏற வேண்டும்.

பறக்கும் ரயிலின் கதையையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். 1995 நவம்பரில் பீச்–சேப்பாக்கம் மட்டும் திறந்தார்கள், 1997ல் மயிலாப்பூர் வரைக்கும் வந்தது, வேளச்சேரி வந்து சேர 2007 ஆகிவிட்டது. அப்புறம் பீச்–எழும்பூர் இடையே நாலாவது பாதை போட வேண்டும், இடம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் பீச்–சிந்தாதிரிப்பேட்டைத் துண்டை நிறுத்தினார்கள். திரும்பி வந்தது 2024 அக்டோபர் கடைசியில். அந்தப் பதினாலு மாதமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பார்க் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, அங்கே பீச் வண்டி பிடித்தேன். மழை நாளில் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன், தம்பியின் அம்மா மாதிரி, என்ன, எனக்கு மணல் ஆசை இல்லை.

மீட்டர்கேஜ்_பித்து:
பீச்சின் தனித்தன்மையே அதுதான். தெற்கே தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பாதை, வடக்கே ராயபுரம் வழியாகக் கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கம் ஒன்று, பறக்கும் ரயில் ஒன்று. முன்பு இன்னும் வேடிக்கை. தெற்கே போவது மீட்டர் கேஜ், வடக்கே போவது பிராட் கேஜ். ஒரே ஸ்டேஷனில் இரண்டு அளவுத் தண்டவாளம், இதில் வந்த வண்டி அதில் போகவே முடியாது, ஆட்கள்தான் மாற வேண்டும். இரண்டு வேறு கம்பெனிகள் வெவ்வேறு காலத்தில் ஊரை இரண்டு பக்கமிருந்து பிடித்ததன் தழும்பு அது. 1951ல் இரண்டையும் மைசூர் ரயில்வேயோடு சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள், தண்டவாளம் ஒன்று சேர இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இன்னொரு குட்டி விஷயம், டிக்கெட்டில் ஸ்டேஷன் கோடு பாருங்கள். பீச்சுக்கு எம்.எஸ்.பி. ஊர் பெயர் 1996ல் சென்னை ஆயிற்று, போர்டு மாறியது, அறிவிப்பு மாறியது, கோடில் மட்டும் மெட்ராஸ் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எழும்பூர் எம்.எஸ்., சென்ட்ரல் எம்.ஏ.எஸ். இப்போது ஓடுகிற ஏசி லோக்கலுக்கும் (2025 ஏப்ரலில் விட்டது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்) அதே எம்.எஸ்.பி.தான்.

பழைய_சீசன்:
ஏசியில் ஒரு தடவை போனேன். கதவு தானாக மூடிக்கொள்கிறது. காற்று இல்லை, சத்தம் இல்லை, சுண்டல் விற்பவர் இல்லை. கோட்டை தாண்டிப் பீச் நெருங்கும்போது முன்பெல்லாம் ஜன்னல் வழியாக உப்பும் டீசலும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பீச் வந்துவிட்டது என்று தெரியும். கடல் அங்கே இல்லை என்று தம்பி சொல்கிறார், கண்ணுக்கு இல்லைதான்.

கொங்கு_பயணி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனோம். வேளச்சேரி அண்ணன் சொன்னபடி பீச்சில் வெளியே போகாமல் மாறி, கலங்கரை விளக்கத்தில் இறங்கினோம். அம்மா இந்தத் தடவை உஷார், தண்ணீரைக் கண்ணால் பார்க்கும்வரை செருப்பைக் கழற்றவில்லை. அதற்கப்புறமும் மணலில் நடந்துகொண்டே இருந்தோம், இவ்வளவு தூரமா என்று கேட்டார். அப்போது ராயபுரத்து அக்கா எழுதியதைச் சொன்னேன், இந்த மணலில் கொஞ்சம் அவர்கள் ஊருக்குப் போக வேண்டியதாம், துறைமுகம் தடுத்துவிட்டதாம் என்று. அம்மா குனிந்து ஒரு கை மணலை எடுத்துப் பார்த்தார். "ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு பையில கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடலாமா" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ராயபுரத்துக்காரி:
பையெல்லாம் பத்தாது தம்பி, லாரி லாரியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். மணல் வராவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். பீச்சில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்தான். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் துறைமுகக் கிரேன் தெரியும். சீட்டுக்கு மட்டும் பழைய_சீசன் சாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.